களத்து விலையும் கப்பல் விலையும்
உற்பத்திக் குழுக்கள் அறிய வேண்டிய சில சொற்கள்



வயலை விட்டு வந்த குடும்பத்திற்குக் கைத்திறனே எஞ்சிய முதல். 1990 ஆம் ஆண்டிலும், பின்னர் 2007 முதல் 2009 வரையிலும் மன்னார் மாவட்டத்தின் பல கிராமங்கள் இடம்பெயர்ந்தன. திரும்பி வந்து கட்டுக்கரைக் குளத்து நீரில் மீண்டும் நெல் விதைத்தவர்கள் உண்டு. 2007 இல் வெளியேறிய முள்ளிக்குளம் மக்களைப் போல, நீண்ட காலம் சொந்தக் காணிக்கு வெளியே காத்திருந்தவர்களும் உண்டு. இவ்வாறான குடும்பங்கள் பலவற்றில் பெண்கள் பனையோலையை எடுத்துப் பெட்டியும் பாயும் பின்னுகின்றனர். வேறு சிலர் ஒடியல் மா, பனங்கட்டி, கருவாடு என்று எதையாவது செய்து விற்கின்றனர்.

இப்பொருட்களை இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ போன்ற நகரங்களில் விரும்பி வாங்குவோர் இருக்கிறார்கள். ஆனால் அங்கிருந்து வரும் விசாரணைக் கடிதத்தில் நாம் வயலில் கேட்டிராத சொற்கள் இருக்கும். அவற்றுள் ஒன்றைப் பிழையாக விளங்கிக்கொண்டு விலை சொன்னாலும் ஒரு பருவத்து உழைப்பு போய்விடும். எனவே இம்முறை அச்சொற்களை ஒவ்வொன்றாகப் படிப்போம். உதாரணத்திற்குப் பனையோலைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் ரூபாக் கணக்குகள் விளக்கத்திற்காக நாம் அமைத்தவை. சந்தை விலைகள் அல்ல.

கடல் வாணிபம் எமது கரைக்குப் புதிதன்று. மாதோட்டம் பண்டைய துறைமுகம். அங்கு நடந்த அகழ்வுகளில் சீனப் பீங்கானும் மேற்கு ஆசியப் பாண்டங்களும் கிடைத்தன. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914 முதல் ஓடிய கப்பல் சேவை 1964 டிசம்பர்ப் புயலுடன் நின்றது. இன்று எமது பொதிகள் மதவாச்சி வழியாகத் தரைமார்க்கமாகக் கொழும்புக்குப் போய், அங்கேதான் கப்பல் ஏறுகின்றன. ஊருக்கும் கப்பலுக்கும் இடையே உள்ள இந்தத் தூரமும் செலவுதான் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்க.

1. உற்பத்தி பற்றிய சொற்கள்

மாதிரி: வாங்குபவர் பார்ப்பதற்காக அனுப்பும் பொருள். அவர் ஏற்றுக்கொண்டதும் ஒரே மாதிரியான இரண்டை எடுத்து, இரண்டிலும் திகதியிட்டு, ஒன்றை அவரிடமும் மற்றதைக் குழுவிடமும் வைக்க வேண்டும். பின்னாளில் நிறம் வேறு, அளவு வேறு என்று வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்வது இந்தப் பெட்டிதான். ஆகவே குழுவில் கைதேர்ந்த ஒருவர் பின்னியதை மட்டும் மாதிரியாக அனுப்புவது ஆபத்து. எல்லாரும் பின்னக்கூடிய தரத்தையே அனுப்புக.

விவரக்கூற்று: நீளம், அகலம், உயரம், நிறம், மூடி, பிடி, எடை ஆகியவற்றை எழுதிய தாள். அதில் ஏற்கக்கூடிய வித்தியாசத்தையும் எழுத வேண்டும். ஓலை உயிருள்ள மரத்திலிருந்து வருவது. இயந்திர அச்சில் வார்த்தது போல் இராது. 30 சென்ரிமீற்றர் என்று மட்டும் எழுதினால் 29 ஐயும் கழிக்க அவருக்கு உரிமை உண்டு. ‘30 சென்ரிமீற்றர், ஒன்று கூடலாம் அல்லது குறையலாம்’ என்று எழுதினால் அந்தச் சண்டைக்கு இடமில்லை.

ஆகக்குறைந்த கட்டளை அளவு: இதைவிடக் குறைந்த எண்ணிக்கையில் செய்ய இயலாது என்று உற்பத்தியாளர் சொல்லும் அளவு. சாயம் காய்ச்சும் விறகும் லொறி வாடகையும் ஐம்பது பெட்டிக்கும் ஐந்நூறு பெட்டிக்கும் பெரிதாக வேறுபடா. ஆகவே மிகச் சிறிய கட்டளையில் ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் செலவு ஏறும். இந்த அளவை நாமே கணக்கிட்டு முன்கூட்டியே சொல்வது மரியாதைக் குறைவன்று.

முடித்துக் கொடுக்கும் காலம்: கட்டளை உறுதியான நாள் முதல் பொருள் ஆயத்தமாகும் நாள் வரை. 12 பெண்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பெட்டி பின்னினால் 504 பெட்டிக்கு 42 வேலைநாட்கள். வாரத்தில் ஆறு நாள் வேலை என்றால் ஏழு வாரம். ஓலை வெட்டிக் காயவைத்தல், சாயமிடல், தரம் பிரித்தல், பொதியிடல், கொழும்புக்கு அனுப்பல் ஆகியவற்றையும் இதனுடன் கூட்டுக. மாரிகாலத்தில் ஓலை காயாது. அறுவடைக் காலத்தில் கைகள் வயலுக்குப் போய்விடும். ஆடியில் முடிந்த வேலை கார்த்திகையிலும் அதே நாட்களில் முடியும் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம்.

தொகுதி இலக்கம்: ஒரே நாளில் அல்லது ஒரே காய்ச்சலில் செய்த பொருட்களுக்கு இடும் எண். உணவுப் பொருளுக்கு இது இன்றியமையாதது. ஒரு பை ஒடியல் மாவில் பழுது காணப்பட்டால், எண் இருந்தால் அந்தத் தொகுதியை மட்டும் திருப்பி எடுக்கலாம். எண் இல்லையேல் அனுப்பியது அனைத்தும் சந்தேகத்திற்கு உள்ளாகும்.

கழிவு: நூறு பெட்டி பின்னி எண்பது மட்டும் ஏற்கப்பட்டால், நூறின் செலவையும் அந்த எண்பதே சுமக்க வேண்டும்.

2. அடக்கவிலை

ஒரு பெட்டிக்கு ஓலையும் சாயமும் 150 ரூபா, கூலி 380, கழிவுக்காக 30, விளக்கு, கொட்டில், பதிவேடு போன்ற பொதுச் செலவு 40 என்று வைப்போம். மொத்தம் 600 ரூபா. இதுவே அடக்கவிலை.

‘எங்கள் கூலி எங்களுக்குத்தானே’ என்று பலர் கூலியைக் கணக்கில் எழுதுவதில்லை. அப்போது 220 ரூபாவே அடக்கம் போலத் தோன்றும். 400 ரூபாவுக்கு விற்றாலும் இலாபம் போலத் தெரியும். உண்மையில் அங்கு 380 ரூபா உழைப்பு 180 ரூபாவுக்குப் போய்விட்டது.

3. விலை எந்த இடத்து விலை?

நெல் விற்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். களத்து விலை வேறு. ஆலை வாசல் விலை வேறு. சாக்கு, ஏற்றுக்கூலி, லொறி ஆகியவற்றை யார் கொடுப்பது என்பதே வித்தியாசம். கடல் வாணிபத்திலும் அதுவே. பாரிஸ் நகரிலுள்ள சர்வதேச வர்த்தக சம்மேளனம் 1936 இல் இவ்வகைச் சொற்களை முதன்முதலில் வரையறுத்தது. அவற்றுக்கு இன்கோரேம்ஸ் என்று பெயர். 2020 ஆம் ஆண்டுப் பதிப்பில் பதினொரு சொற்கள் உள்ளன. எமக்கு முக்கியமானவை நான்கு.

எக்ஸ் வேக்ஸ்: இது களத்து விலை. எமது கொட்டிலில் பொருளை ஆயத்தமாக வைத்தால் கடமை முடிந்தது. லொறியும் சுங்கமும் கப்பலும் வாங்குபவரின் பொறுப்பு. கேட்க இலகுவாக இருந்தாலும், கனடாவில் இருப்பவர் எமது நாட்டுச் சுங்க வேலையைச் செய்வது கடினம். கொழும்பிலுள்ள ஏற்றுமதியாளர் வந்து எடுத்துச் செல்லும்போது இம்முறை பொருந்தும்.

எப்.சி.ஏ.: குறித்த இடத்தில், வாங்குபவர் நியமித்த போக்குவரத்துக்காரரிடம் ஒப்படைக்கும் வரை எமது பொறுப்பு. ஏற்றுமதிச் சுங்க வேலையும் எம்முடையதே.

எப்.ஓ.பி.: பொருள் கொழும்புத் துறைமுகத்தில் கப்பலின் மேல் ஏறும் வரை செலவும் ஆபத்தும் எம்முடையவை. கப்பற்கூலி வாங்குபவருடையது. எமது பொதி சிறிதாகையால் கொழும்புக் களஞ்சியத்தில் பிறரது சரக்குடன் சேர்த்தே கொள்கலனில் அடைக்கப்படும். அங்கு அது நமது கண்ணுக்கும் கைக்கும் அப்பால் போய்விடும். ஆயினும் கப்பல் ஏறுமுன் நனைந்தால் நட்டம் எம்முடையது. கொள்கலனில் போகும் சரக்கிற்கு எப்.சி.ஏ. முறையே பொருத்தம் எனச் சம்மேளனம் கூறுவது இதனால்தான்.

சி.ஐ.எப்.: வாங்குபவரின் துறைமுகம் வரை கப்பற்கூலியையும் காப்புறுதியையும் நாமே கட்ட வேண்டும். காப்புறுதி பொருளின் விலையில் 110 வீதத்துக்குக் குறையக்கூடாது. ஆனால் ஆபத்து வாங்குபவருக்கு மாறும் இடம் கொழும்பில் கப்பல் ஏறும் இடமே. கட்டணம் கட்டும் எல்லையும் ஆபத்தின் எல்லையும் இங்கு வேறு வேறு. இதைப் பலர் மாற்றி விளங்கிக்கொள்வர்.

இனிக் கணக்கைப் பாருங்கள். அடக்கவிலை 600. நூறு ரூபா இலாபம் வைத்து 700 என்று எழுதி, பக்கத்தில் எக்ஸ் வேக்ஸ் என்று போட்டால் 504 பெட்டியில் 50,400 ரூபா இலாபம். அதே 700 க்குப் பக்கத்தில் எப்.ஓ.பி. என்று போட்டால், அட்டைப்பெட்டி, லொறி, புகையூட்டல், பத்திரம், துறைமுகச் செலவு எல்லாம் எமது தலையில் விழும். அவை மொத்தம் 75,600 ரூபா என்றால் பெட்டி ஒன்றுக்கு 150. அடக்கம் 750 ஆகிறது. 25,200 ரூபா நட்டம். பெட்டியும் விலையும் ஒன்றே. இலாபத்தை நட்டமாக்கியது பக்கத்தில் எழுதிய சொல் மட்டுமே.

ஆகவே விலை எழுதும்போது தொகை, நாணயம், சொல், இடம், பதிப்பு ஆண்டு ஆகிய ஐந்தையும் எழுதுக.

4. கன அளவு

ஓலைப்பெட்டி பாரம் குறைந்தது. ஆனால் இடத்தை அடைப்பது. கொள்கலனில் பங்குச் சரக்காகப் போகும்போது கன மீற்றரையும் தொன்னையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்கே கூலி எடுப்பர். ஒரு தொன் ஒரு கன மீற்றருக்குச் சமமாகக் கொள்ளப்படும்.

நீளமும் அகலமும் 30, உயரம் 25 சென்ரிமீற்றர் உள்ள எட்டுப் பெட்டிகள் 60, 60, 50 அளவுள்ள ஓர் அட்டைப்பெட்டியை நிரப்பும். அதன் கன அளவு 0.18 கன மீற்றர். 504 பெட்டிக்கு 63 அட்டைப்பெட்டிகள் வேண்டும், மொத்தம் 11.34 கன மீற்றர். பெட்டி ஒன்று 250 கிராம் என்றால் முழுப் பாரமும் 126 கிலோதான். ஆயினும் கூலி 11.34 கன மீற்றருக்கே.

இதையே பெரிது, நடுத்தரம், சிறிது என மூன்று அளவில் பின்னி ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால், ஓர் அட்டைப்பெட்டியில் 24 அடங்கும். அப்போது 21 அட்டைப்பெட்டிகள், 3.78 கன மீற்றர் போதும். கூலி மூன்றில் ஒன்றாகிறது. பெட்டியைப் பின்னும் முன்னரே அதை எவ்வாறு அடுக்குவது என்று யோசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

விமானத்தில் அனுப்பினால் கணக்கு இன்னும் கடினம். அங்கு வழமையாக 6,000 கன சென்ரிமீற்றரை ஒரு கிலோவாக எடுப்பர். மேற்சொன்ன அட்டைப்பெட்டி 1,80,000 கன சென்ரிமீற்றர்; எட்டுப் பெட்டிகளின் பாரம் இரண்டு கிலோவாக இருந்தாலும் 30 கிலோவுக்குக் கட்டணம் கேட்பர்.

அத்துடன், கடலில் பல வாரம் மூடிக்கிடக்கும் கொள்கலனுள் ஈரம் வியர்த்துச் சொட்டும். சரியாகக் காயாத ஓலை பூஞ்சணம் பிடித்தே இறங்கும். அதைத் திருப்பி எடுக்கும் செலவு பெட்டியின் விலையை மிஞ்சும்.

5. பத்திரங்கள்

பொருட் குறியீடு: உலக சுங்க அமைப்பின் முறைப்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு இலக்க எண் உண்டு. பின்னற் பொருட்கள் 46 ஆம் அத்தியாயத்திலும், அவற்றுள் கூடை, பெட்டி வகைகள் 4602 இலும் அடங்கும். வாங்குபவரின் நாட்டில் எவ்வளவு வரி என்பது இந்த எண்ணைப் பார்த்தே தீர்மானிக்கப்படும்.

தாவர சுகாதாரச் சான்றிதழ்: பூச்சியோ நோயோ இல்லை என விவசாயத் திணைக்களத்தின் தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை வழங்குவது. அவுஸ்திரேலியா போன்ற நாடுகள் தாவரப் பொருட்களில் மிகக் கண்டிப்பானவை. எந்தச் சான்று வேண்டும் என்பதை வாங்குபவரிடம் எழுத்தில் கேட்ட பின்னரே விலை சொல்லுக.

உற்பத்தி நாட்டுச் சான்றிதழ்: பொருள் இலங்கையில் செய்யப்பட்டது என்பதற்கான அத்தாட்சி. வரிச்சலுகை உள்ள நாட்டில் இது இருந்தால்தான் சலுகை கிடைக்கும்.

கப்பற் சரக்குச் சீட்டு: சரக்கை ஏற்றுக்கொண்டதற்காகக் கப்பல் நிறுவனம் தரும் பத்திரம். இது வெறும் பற்றுச்சீட்டன்று. காணி உறுதியைப் போன்றது. வழமையான சீட்டில் மூலப் பிரதியைக் கொண்டு செல்பவரிடமே பொருள் ஒப்படைக்கப்படும். காணி உறுதி தொலைந்தால் என்னவாகும் என்பதை இடம்பெயர்ந்தவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. பணமோ, வங்கி உறுதியோ இன்றி மூலப் பிரதியைக் கைவிட வேண்டாம்.

6. பணம் பெறும் வழி

முற்பணம் உற்பத்தியாளருக்குப் பாதுகாப்பானது. முழுவதும் கிடைக்காவிடினும் ஓலைக்கும் சாயத்திற்கும் போதிய பங்கையாவது கேட்கலாம். பத்திரத்திற்கு எதிரான கொடுப்பனவில், வாங்குபவர் வங்கியில் பணம் கட்டிய பின்னரே சரக்குச் சீட்டைப் பெறுவார். அவர் எடுக்காமல் விட்டால் பொருள் அந்நியத் துறைமுகத்தில் கிடக்கும்.

நாணயக் கடிதம் என்பது குறித்த பத்திரங்களைக் குறித்த நாளுக்குள் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி அளிக்கும் உறுதி. இதில் வங்கி பார்ப்பது பத்திரத்தையே, பெட்டியை அல்ல. பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், எண்ணிக்கையோ திகதியோ கடிதத்துடன் முரண்பட்டால் பணம் மறுக்கப்படலாம். வங்கிக் கட்டணமும் உண்டு. சிறிய கட்டளைக்கு அது பாரமாகும்.

இப்போது செய்யக்கூடியவை

தனிக் குடும்பம் ஒன்று இவை அனைத்தையும் சுமக்க இயலாது, சுமக்கவும் வேண்டியதில்லை. குழுவாகச் சேர்ந்து பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதியலாம். 1979 இல் அமைக்கப்பட்ட ஏற்றுமதி அபிவிருத்திச் சபையிடமும், பனைப் பொருட்களுக்குப் பனை அபிவிருத்திச் சபையிடமும் ஆலோசனை கேட்கலாம். முதற் கட்டளைகளைக் கூட்டுறவுச் சங்கம் அல்லது கொழும்பு ஏற்றுமதியாளர் ஒருவர் மூலம் அனுப்பிப் பழகலாம். இடைத்தரகர் இருப்பது தவறன்று. அவர் செய்யும் வேலை எது, அதற்கு அவர் எடுப்பது எவ்வளவு என்று தெரியாமல் இருப்பதே தவறு. இச்சொற்களை அறிந்தவரிடம் அவர் கணக்குக் காட்டியே ஆகவேண்டும்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது பொருள் ஒன்றின் அடக்கவிலை என்ன? அதில் எமது கூலி எழுதப்பட்டுள்ளதா?

2. ஊரிலிருந்து கொழும்புக் களஞ்சியம் வரை செல்லும் செலவுகளை வரிசையாக எழுதுக. அவற்றுள் எதை யார் இப்போது கட்டுகிறார்?

3. எமது பொருளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் விதத்தில் மாற்றியமைக்க முடியுமா? ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கி அளந்து பாருங்கள்.

4. மாரி, அறுவடை, திருநாட்கள் ஆகியவற்றைக் கழித்தால் ஆண்டில் எத்தனை வேலைநாட்கள் எஞ்சும்? அவற்றில் எத்தனை பெட்டி பின்னலாம்?

5. கடைசியாக விற்ற பொருளின் விலை எந்த இடத்து விலை? அதை எழுத்தில் வைத்திருக்கிறோமா?