பக்கவாத நோயாளியை வீட்டில் பார்த்துக்கொள்ள: மலைக்குளிருக்கேற்ற குறிப்புகள்

நீலகிரி மலையிலுள்ள இத்தலாரில் டிசம்பர், ஜனவரி என்றால் புல்வெளியெல்லாம் உறைபனிதான். வாதம் வந்து மரத்துப்போன கைகாலுக்குக் குளிரும் உறைக்காது, சூடும் உறைக்காது. கூட இருப்பவர்தான் கவனமாக இருக்க வேண்டும்.

1. மரத்த காலுக்குப் பக்கத்தில் வெந்நீர்ப் பை வேண்டவே வேண்டாம். தோல் வெந்து கொப்புளம் கிளம்பினாலும் அவருக்கு வலிக்காது. காலையில் கம்பளியை விலக்கும்போதுதான் உங்களுக்கே தெரியும். பையை வைத்துப் படுக்கையைச் சூடாக்கிக்கொண்டு, அவரைப் படுக்கவைக்கும் முன் எடுத்துவிடுங்கள். பிறகு தளர்வான கம்பளிக் காலுறை போதும். குளிக்கும் வெந்நீரை உங்கள் முழங்கையில் ஊற்றிப் பாருங்கள்.

2. கதவைச் சாத்திய அறையில் கரி அடுப்பு கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. எழுந்து போய்க் கதவைத் திறக்க முடியாதவர் உள்ளே படுத்திருக்கிறார்.

3. பகலிலும் இரவிலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். ஒவ்வொரு முறையும் குதிகால், இடுப்பு எலும்பு, முதுகின் அடிப்பகுதி மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மாறவில்லையென்றால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. தொட்டால் கெட்டியாகவோ சூடாகவோ இருக்கும். அங்கே எண்ணெய் தேய்க்காதீர்கள், அந்தப் பக்கம் படுக்கவும் விடாதீர்கள். மழை மாதங்களில் துணி காய்வதே பாடு; ஈர விரிப்பு தோலைக் கெடுத்துவிடும் என்பதால் மாற்று விரிப்புகள் கூடுதலாக இருக்கட்டும்.

4. வாதம் வந்த கையைப் பிடித்துத் தூக்கினால் தோள் மூட்டு விலகிவிடும்.

5. நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்டுங்கள். டீ, ரசம் போன்றவைதான் சட்டென்று புரையேறும். குழைந்த சாதமும் கெட்டிக் கஞ்சியும் பலருக்கு எளிது. ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். முடிந்ததும் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்து, அரை மணி நேரம் உட்காரவிடுங்கள்.

6. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து, வாயில் ஸ்பூன் இரண்டுமே வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

7. மண்சரிவில் ரோடு அடைபட்டாலும் மாத்திரை நிற்கக் கூடாது, கையிருப்பு இருக்கட்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

8. ஒருமுறை வந்த வாதம் மறுபடி வரலாம். வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ மணியைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்குள் ஸ்கேனும் எடுக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீரோ மாத்திரையோ வாயில் கொடுக்காதீர்கள். பனிமூட்டம் விலகட்டும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.