பருவகால ஆலோசனை: சித்திரை வெயிலில் நீர்ச்செடி இலைகளைப் பாருங்கள்

யாருக்கு: ரெட்டியார்பாளையத்தில் மாடியிலும் முற்றத்திலும் அல்லி, தாமரை வளர்ப்பவர்கள், செடி வைத்த மீன்தொட்டி உள்ளவர்கள்.
காலம்: பங்குனி பின்பாதி முதல் அக்னி நட்சத்திரம் முடியும்வரை.

ஏன் இப்போது?

வெயில் ஏற ஏறத் தொட்டித் தண்ணீர் சுண்டுகிறது. அதில் கரைந்த உரச்சத்து அடர்த்தியாகிறது. சூடு, வெளிச்சம், சத்து மூன்றும் சேர்ந்தால் செடியை முந்திக்கொண்டு பெருகுவது அதன் இலைமேல் குடியிருக்கும் பாசிதான்.

தண்ணீருக்குள் இருக்கும் எந்த இலையிலும் முதலில் பாக்டீரியா ஒட்டும், பிறகு டயாட்டம் என்னும் பழுப்பு நுண்பாசி, அடுத்து நூல்பாசி. படலம் மெல்லிதாக இருக்கும்வரை கெடுதல் இல்லை. இலையிலிருந்து கசியும் சத்தை பாக்டீரியா தின்று கரியமில வாயுவை விடும். செடி அதை எடுத்துக்கொள்ளும். தடித்துவிட்டால்தான் தொல்லை. வெளிச்சம் மறைகிறது. தண்ணீரில் வாயு பரவுவதே காற்றைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவு. வழவழப்பான படலமும் சேர்ந்தால் இலைக்குக் கரியமில வாயு கிடைப்பது இன்னும் அரிது. இரவில் அந்தப் படலமே ஆக்சிஜனை இழுக்கும். 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 32 டிகிரியில் 7.3தான். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதற்கு இது ஒரு காரணம்.

இங்கிலாந்தின் நார்போக் பகுதி ஏரிகளில் நீர்ச்செடிகள் அழிந்ததை ஆராய்ந்த பிலிப்ஸ், எமின்சன், மாஸ் மூவரும் 1978-இல் சொன்ன விளக்கம் நமக்கும் பொருந்தும்: சத்து மிகுந்தால் முதலில் இலைமேல் பாசி மூடும், செடி நலியும், அதன் பிறகே தண்ணீர் பச்சையாகும். எனவே தண்ணீர் நிறம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம்.

விரலால் தேய்த்துப் பாருங்கள்

வாரம் ஒருமுறை, நீருக்குள் இருக்கும் முதிர்ந்த இலை ஒன்றைத் தேயுங்கள்.

- பழுப்புப் படிவு வந்து, அடியில் இலை பச்சையாக இருந்தால்: விட்டுவிடுங்கள்.
- பச்சை நூலாக வந்தால்: குச்சியில் சுற்றி எடுங்கள்.
- நீலம் கலந்த கரும்பச்சை ஏடாக உரிந்து, வாடை அடித்தால்: சயனோபாக்டீரியா. சில வகைகளில் நஞ்சு உண்டு. கையுறை போட்டு அகற்றுங்கள். நாய், மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள்.

செய்ய வேண்டியவை

1. பழுத்த, பாசி மூடிய இலைகளைக் காம்போடு நறுக்குங்கள். தளிரைத் தேய்க்காதீர்கள்.
2. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை எடுத்து மற்றச் செடிகளுக்கு ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்து ஊற்றுங்கள்.
3. டிஏபி உரத்தைத் தண்ணீரில் தூவாதீர்கள். காகிதத்தில் மடித்துச் சேற்றுக்குள் ஆழப் புதையுங்கள்.
4. சின்ன நத்தைகளை விட்டுவையுங்கள். படலத்தை மேய்வது அவைதான். வயலில் கிடைக்கும் பெரிய நத்தை வேண்டாம், தளிரையும் தின்னும்.
5. கொசுப்புழுவுக்கு நாலைந்து கப்பி மீன் போதும். மாடித் தொட்டியில் அவற்றுக்குத் தீனி போடாதீர்கள். மிச்சத் தீனி பாசிக்கு உரம்.
6. மீன்தொட்டி விளக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும்.

செய்யக் கூடாதவை

மயில்துத்தம் போடாதீர்கள். பாசியோடு நத்தையும் சாகும், மீனுக்கும் ஆபத்து. செத்த பாசி மொத்தமாக அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்துவிடும்.

அகற்றிய பாசியை வடிகாலில் தள்ளாமல் காயவைத்து எருக்குழியில் போடுங்கள். 'டேங்க் கிளீனர்' என்று கடையில் விற்கும் சக்கர் மீன் வளர்ந்து தொட்டிக்கு அடங்காமல் போனாலும், 2008 முதல் பறவைகள் சரணாலயமாக இருக்கும் ஊசுட்டேரியில் கொண்டுபோய் விடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த அந்த மீன் ஏரியில் பெருகினால் திரும்பப் பிடிக்க வழியில்லை. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.