கண்மாய் ஜிலேபிக்கு எத்தனை ரூபாய் ராடு?

பொட்டிபுரம், சிலமலை, ராசிங்காபுரம் பக்கம் கண்மாயில் தண்ணீர் நின்றுவிட்டால் கரையில் தூண்டிலோடு ஆளும் வந்துவிடுவார். இப்போது மூங்கில் கம்புகளுக்கு நடுவே பளபளக்கும் கார்பன் ராடுகளும் தெரிகின்றன. பதினைந்தாயிரம், இருபதாயிரம் கொடுத்து ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். கையகல மீனுக்கு அவ்வளவு விலை வேண்டாம். அதற்காகக் கிடைத்த மலிவு ராடை அள்ளிக்கொண்டு வரவும் வேண்டாம்.

முதலில் மீனைப் பாருங்கள்

நம் கண்மாய்த் தூண்டிலில் அதிகம் ஏறுவது ஜிலேபி. பிறகு கெண்டை, கெளுத்தி. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று குளம் குட்டையெல்லாம் பெருகிக் கிடக்கிறது. கரையோரம் கிடைப்பது பெரும்பாலும் கால் கிலோவுக்கு உட்பட்டதுதான். 0.20 மில்லிமீட்டர் நரம்பே இரண்டு கிலோவுக்கு மேல் தாங்கும். ஆகவே ராடில் நீங்கள் தேட வேண்டியது பலத்தை அல்ல, மெல்லிய கடியையும் கைக்குச் சொல்லும் நுனியை.

ஜிலேபி மண்புழுவை ஒரே வாயில் விழுங்காது. ஓரத்தைக் கவ்வி இழுக்கும், விடும், மறுபடி வரும். தக்கை இரண்டு முறை துடித்து, அரை விரல் அளவு பக்கவாட்டில் நகரும். சுண்ட வேண்டியது அப்போதுதான். தக்கை முழுக்க அமிழட்டும் என்று காத்திருந்தால் வெறும் முள்தான் மேலே வரும். சில நேரம் தக்கை அமிழாமல், மேலே எழும்பிப் படுத்துவிடும். மீன் இரையோடு ஈயத்தையும் தூக்கிவிட்டது என்று அர்த்தம், உடனே சுண்டுங்கள்.

அனுமதி கேளுங்கள்

கண்மாய்களில் மீன்பாசி குத்தகை உண்டு. ஏலம் எடுத்தவரிடம், "அண்ணே, கரையில உக்காந்து தூண்டில் போட்டுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருப்பார். குரங்கணிப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஊடே இறங்கும் ஓடைகளில் பல, காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே தூண்டிலோடு போகக் கூடாது.

மூங்கிலில் தொடங்குங்கள்

பத்து, பன்னிரண்டு அடி நீளம், விரலை விட மெல்லிய நுனி, கணு நெருக்கமான கல்மூங்கில். கடையிலோ பட்டா நிலத்திலோ வாங்குங்கள், காட்டில் வெட்டாதீர்கள். நிழலில் காயவைத்து, கோணல் இருக்கும் இடத்தைத் தணலில் காட்டி நிமிர்த்துங்கள். நுனியில் நரம்பைக் கட்டி, சோளத்தட்டைத் துண்டைத் தக்கையாக்கி, சிறு ஈயம் போட்டால் வேலை முடிந்தது. ஒரு பருவம் இதில் பிடித்துப் பாருங்கள். கரையோரத்திலேயே மீன் கிடைக்கிறதா, தூரம் வீச வேண்டியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஓரத்திலேயே கிடைத்தால் ராடும் ரீலும் வாங்கவே வேண்டாம்.

கடையில் சோதிப்பது

தூரம் வீச வேண்டும் என்றால் ஆறு, ஆறரை அடி நீளத்தில், 'அல்ட்ரா லைட்' வகையில் ராடு கேளுங்கள். கைப்பிடிக்கு மேலே எத்தனை கிராம் எடையை வீசலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். ஒன்றிலிருந்து ஏழு கிராமுக்குள் இருப்பது நம் வேலைக்குப் பொருந்தும்.

துண்டுகளைப் பொருத்தி, ஒரு கண்ணை மூடி அடியிலிருந்து நுனி வரை பாருங்கள். வளையங்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இணைப்பை லேசாக ஆட்டுங்கள். 'கடக்' என்று சத்தம் வந்தால் வேண்டாம். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சை விட்டுச் சுழற்றுங்கள். எங்காவது ஒரு இழை சிக்கினாலும் அந்த வளையத்தில் கீறல் இருக்கிறது. மெல்லிய நரம்பை அது அறுத்துவிடும். நிறையப் பேர் செய்யாமல் விடுவது இந்தச் சோதனையைத்தான். கடைசியாக, நுனியை ஒருவரைப் பிடிக்கச் சொல்லி மெதுவாகத் தூக்குங்கள். நுனிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு எளிதாக வளைந்து, அடிப்பகுதி உறுதியாக நின்றால் போதும்.

இவ்வளவும் தேறும் ராடு இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். கண்ணாடி இழை கொஞ்சம் கனக்கும், ஆனால் அடி தாங்கும். விலை உயர்ந்த கார்பன் எடை குறைவு, விறைப்பு அதிகம்; அதே விறைப்பால் கல்லில் பட்டாலும் வண்டியில் நசுங்கினாலும் சட்டென்று ஒடியும். தேவாரம் பஸ்ஸில் நின்றுகொண்டு கொண்டுபோகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

மிச்சக் காசு

மிச்சமாகும் பணத்தை முள்ளிலும் நரம்பிலும் போடுங்கள். ஜிலேபியின் வாய் சிறியது. 10 அல்லது 12-ஆம் எண் முள் எடுங்கள். எண் கூடக் கூட முள் சிறிதாகும். முனையை நகத்தின் மேல் வைத்து இழுத்துப் பாருங்கள்: வழுக்கினால் மழுங்கிவிட்டது, பிடித்தால் நல்ல முள். வெயிலில் கிடந்த நரம்பை ஒவ்வொரு பருவத்துக்கும் மாற்றிவிடுங்கள்.

விலை உயர்ந்தது யாருக்கு?

நாள் முழுக்க இரண்டு கிராம் செயற்கை இரையை வீசிக்கொண்டே இருப்பவருக்கு எடை குறைவு பெரிய விஷயம், மணிக்கட்டு தப்பிக்கும். ஈ வடிவ இரையால் டிரவுட் பிடிப்பவருக்கும் நல்ல ராடு உண்மையிலேயே உதவும். நீலகிரி அவலாஞ்சியில் 1907-லேயே டிரவுட் குஞ்சுப் பொரிப்பகம் வந்துவிட்டது. அந்தக் குளிர் ஓடைகளின் மீன்பிடி முறையே வேறு. மண்புழுவும் மைதா உருண்டையும் வைத்துத் தக்கையைப் பார்த்து உட்காருகிறவருக்கு அந்த விலையில் கூடுதலாக ஒரு மீனும் வராது.

கரண்டுக் கம்பி

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஈர மூங்கிலும் அப்படித்தான். கரையை ஒட்டி பம்புசெட்டுக் கம்பிகள் தாழ்வாகத் தொங்கும் இடங்கள் நம் பக்கம் நிறைய. வீசுவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மலைமேல் இடி கேட்டதுமே ராடைத் தரையில் கிடத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடி வேண்டாம். இடி நின்று அரை மணி நேரம் கழித்துத் திரும்பினால் போதும்.