ஐப்பசிக்கு முன் கார்க் கதவுப் பூட்டைக் கவனியுங்கள்

கார்ப் பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கத்தை இந்த மாரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மார்கழி விடியலில் குசினியில் இருக்கும் எண்ணெய்ப் போத்தல் ஏன் கலங்கிக் கட்டிப்படுகிறதோ, அதே காரணத்தால்தான் பூட்டுக்குள் விட்ட எண்ணெயும் திறப்பைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்கிறது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸில் உறையத் தொடங்கும். மட்டக்களப்பில் மார்கழி, தை மாத இரவுகளில் வெப்பநிலை 23 பாகை அளவுக்கு இறங்குகிறது. மழை விட்ட, முகில் இல்லாத இரவில் முற்றத்தில் நிற்கும் காரின் தகரம் காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். கனடாவில் பூட்டு உறைவதற்குப் பூச்சியத்துக்குக் கீழே போகவேண்டும். நமக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும்.

ஆனால் எங்கள் பக்கத்தில் பூட்டைக் கெடுப்பது பெரும்பாலும் குளிர் அல்ல, உப்பும் ஈரமும்தான். வைகாசியிலிருந்து ஆவணி தாண்டும்வரை அடித்த கச்சான் காற்று வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களின் புழுதியை அள்ளிவந்து திறப்பு ஓட்டை, கைபிடி இடுக்கு, கதவின் அடிவிளிம்பு என்று எல்லா இடத்திலும் அடைத்துவைத்திருக்கிறது. முதல் மழையோடு அது சேறாகிவிடும். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் இதற்கு உப்பும் சேர்கிறது. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற மணல் துண்டுகள். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தண்ணீரைத் தொட்டுத்தான் வருகிறது. கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியதும் தானாகவே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். மாரியில் நம் காற்று அந்த அளவுக்குக் கீழே இறங்கும் நேரம் குறைவு. ஆகவே “எனது கார் கொட்டகைக்குள்தான் நிற்கிறது, நனைவதில்லை” என்று நிம்மதியாக இருக்க முடியாது. பூட்டுக்குள் படிந்த உப்பு மழை படாமலே நனைகிறது.

நனைந்தால் என்ன நடக்கும்? திறப்பு நுழையும் உருளை பெரும்பாலும் நாகக் கலப்பு உலோகம். அதற்குள்ளிருக்கும் சிறு தகடுகள் பித்தளை, அவற்றைத் தள்ளும் சுருள்வில் உருக்கு. மூன்று உலோகம் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தால் ஒன்று மற்றதை அரிக்கும். திறப்பை வெளியே எடுக்கும்போது வெள்ளைத் தூள் ஒட்டிவந்தால் உருளை அரிபடத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்புக் கறள் வந்தால் சுருள்வில் போகிறது.

நம் வீதிகளில் ஓடும் கார்களின் வயதையும் யோசிக்கவேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஐந்து வருடமாக இருந்ததையே ஓட்டினோம். அதற்கு முன் வந்த வாகன்ஆர், அக்குவா, வெசல், அக்சியோ எல்லாம் இப்போது கதவு மோட்டர்கள் களைக்கும் வயதில் நிற்கின்றன. ஓட்டோக்காரருக்கு மட்டும் இந்தக் கவலை கிடையாது. அவருக்குப் பூட்டக் கதவே இல்லை.

இந்தக் கிழமையே செய்யவேண்டியது

முதல் வேலைக்கு ஒரு சதமும் செலவில்லை. ரிமோட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, உலோகத் திறப்பால் சாரதிக் கதவைத் திறந்து பாருங்கள். பொத்தானை அழுத்தியே பழகிவிட்டதால் அந்த உருளை வருடக்கணக்காக அசைந்திருக்காது. ஸ்மார்ட் திறப்பு உள்ள கார்களில் ரிமோட்டின் பக்கத்திலுள்ள சிறு தடையைத் தள்ளினால் உள்ளே ஒளிந்திருக்கும் உலோகத் திறப்பு கழன்று வரும். அதற்கான ஓட்டை சில மாதிரிகளில் கைபிடியோடு சேர்ந்த ஒரு பிளாஸ்ரிக் மூடிக்குள் இருக்கும். அந்த மூடியை எப்படிக் கழற்றுவது என்பதை வெயில் அடிக்கிற ஒரு பகலில் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அடைமழையில், இரவில், கைப்பேசி வெளிச்சத்தில் அதைத் தேடுவது மனிதன் செய்யவேண்டிய வேலையல்ல.

திறப்பு இறுக்கமாக இருந்தால் பலவந்தமாகத் திருகாதீர்கள். உள்ளே முறிந்தால் உருளையையே கழற்றவேண்டிவரும். ஓட்டைக்குள் முதலில் டபிள்யூடி-40 போன்ற ஸ்பிறேயை அடித்து, திறப்பைப் பலமுறை நுழைத்து எடுத்து, வரும் அழுக்கைத் துணியால் துடையுங்கள். 1953இல் அமெரிக்காவில் ராக்கெட்டுகளின் வெளித்தகட்டைக் கறளிலிருந்து காப்பதற்காக உருவான சரக்கு அது. பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளும் நீரை விரட்டுவதையே குறிக்கின்றன. கழுவுவதற்கும் ஈரத்தைத் துரத்துவதற்கும் அது நல்லது. நீண்ட நாளைக்கு வழுக்கலாக நிற்க அது போதாது. பலர் இந்த இடத்தில்தான் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் காயவிட்டு, பிறகு சிலிக்கன் அல்லது டெஃப்லோன் கலந்த உலர் ஸ்பிறேயைச் சிறிதளவு அடியுங்கள்.

ஊரில் சிலர் சொல்லும் பென்சில் கரி உலர்ந்த நாட்டுக்குச் சரியான வைத்தியம். உப்பு ஈரம் சேர்ந்தால் கரி பக்கத்து உலோகத்தின் அரிப்பை விரைவுபடுத்தும். அதனால் வாவிக்கரை ஆட்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. கிறீஸ் ஓட்டைக்குள் போகவே கூடாது, புழுதியைப் பிடித்து அடைத்துவிடும். கிறீஸுக்கான இடம் வேறு. கதவின் விளிம்பில் கௌவிப் பிடிக்கும் கொளுக்கி, அது மாட்டும் தூண் வளையம், பிணைச்சல்கள் ஆகிய மூன்றுக்கும் வெள்ளை லிதியம் கிறீஸ் பூசுங்கள். பழையதைத் துடைத்துவிட்டுத்தான் புதியதைப் பூசவேண்டும்.

அடுத்தது, கிட்டத்தட்ட எல்லோரும் மறக்கிற விஷயம். கார்க் கதவு தண்ணீர் புகாத பெட்டியல்ல. கண்ணாடியோரமாக மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், கீழ் விளிம்பிலுள்ள துவாரங்களால் வெளியேறத்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள். கச்சான் புழுதியோ, அடியில் கறளுக்கு எதிராக அடித்த கறுப்புப் பூச்சோ அந்தத் துவாரங்களை அடைத்திருந்தால் பூட்டு மோட்டர் ஈரக்காற்றிலேயே வேகும், கதவின் அடித்தகடு உள்ளிருந்து கறள்படும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். சற்று நேரத்தில் கதவின் அடியிலிருந்து சொட்டவேண்டும். சொட்டாவிட்டால் ஈர்க்குக் குச்சியால் துவாரத்தைக் கிண்டிவிடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், பெயின்ற் உரியும்.

கார் கழுவுகிறபோது எழுவான்கரைக் கிணறுகள் சிலவற்றின் தண்ணீரே உவர் என்பதை நினைவில் வையுங்கள். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரால் உப்பைக் கழுவ முடியாது. குழாய்த் தண்ணீர், இல்லாவிட்டால் பிடித்துவைத்த மழைத்தண்ணீர். உயர் அழுத்தக் குழாயைத் திறப்பு ஓட்டைக்கு நேரே பிடிக்கவும் வேண்டாம்.

பூட்டு என்ன சொல்கிறது

ரிமோட் தூரத்திலிருந்து வேலை செய்யவில்லை, கிட்டப்போனால் செய்கிறது என்றால் அதற்குள்ளிருக்கும் நாணயப் பற்றரிதான் காரணம். மழைக்கு முன் மாற்றிவிடுங்கள். அது முழுதாகச் செத்தபின்னும் பொத்தானால் ஸ்ராட் செய்யும் பெரும்பாலான கார்களை ரிமோட்டை அந்தப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து இயக்கலாம். ஆனால் அதற்கு முதலில் உள்ளே போகவேண்டும், உலோகத் திறப்பு அதற்குத்தான். எந்தக் கதவும் அசையாமல், உள்விளக்கும் மங்கினால் 12 வோல்ட் பற்றரியைப் பாருங்கள். ஹைபிரிட் கார்கள் பலவற்றில் அது பின்பக்கம் இருக்கிறது, பின்கதவோ மின்சாரத்தால் திறப்பது.

ஒரே ஒரு கதவு ‘டிக்’ என்று முனகிவிட்டு நின்றால் அந்தக் கதவின் மோட்டர். காலையில் வேலை செய்யாமல் மத்தியானம் வெயில் ஏறியபின் சரியாகிறது என்றால் உள்ளே ஈரமோ, கட்டிப்பட்ட பழைய கிறீஸோ இருக்கிறது. இது இன்னும் சில மாதம் தாக்குப்பிடிக்கும் என்று மெக்கானிக் சொன்னாலும், அந்தச் சில மாதமும் மாரிதான் என்று அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். உள்ளிருந்து திறக்கிறது, வெளியிலிருந்து திறக்கவில்லை என்றால் கைபிடிக் கம்பியின் பிளாஸ்ரிக் கொக்கி கழன்றிருக்கும், அது சின்ன வேலை. கதவு சாத்தப்படாமல் துள்ளித் திரும்பினால் ஓங்கி அடிக்காதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே கொளுக்கி மூடிக்கொண்டுவிட்டது. வெளிக் கைபிடியை இழுத்தபடி, மற்றக் கையால் கொளுக்கியைத் திறந்த நிலைக்குத் தள்ளுங்கள். இரவில் காரணமில்லாமல் அலாரம் அடிப்பது, உள்விளக்கு அணையாதது இரண்டும் கதவு சுவிற்சுக்குள் தண்ணீர் போனதன் அறிகுறி. அயலாரின் நித்திரையோடு பற்றரியும் போகும்.

கராஜில் கதவின் உள்மட்டையைக் கழற்றினால் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பொலித்தீன் விரிப்பைத் திரும்ப ஒழுங்காக ஒட்டவேண்டும். கண்ணாடி மோட்டர் திருத்துகிறபோது அதைக் கிழித்தெறிந்துவிடுகிற கைகள் அதிகம். அது இல்லாவிட்டால் கதவுக்குள் இறங்கும் மழைநீர் இருக்கைப் பக்கம் வழிந்து, தரைவிரிப்பு நாறி, வயர்ச் சந்திகள் பச்சை பிடிக்கும். கதவுக்கும் உடலுக்கும் இடையே வயர்கள் போகும் ரப்பர்க் குழாயையும் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். திறந்து மூடித் திறந்து மூடி உள்ளே வயர் அறுந்திருப்பதை விட்டுவிட்டு மோட்டரை மாற்றிக் காசை வீணாக்கியவர்கள் இருக்கிறார்கள். பாவித்த உதிரிப்பாகம் வாங்குவதென்றால் பழையதைக் கையோடு கொண்டுபோய் வயர் எண்ணிக்கையையும் இடம் வலத்தையும் ஒப்பிட்டுத்தான் வாங்கவேண்டும்.

நுவரெலியா போகிறவர்களுக்கு

செங்கலடியில் முடிகிற ஏ5 வீதியைப் பிடித்தால் பிபிலை, பதுளை, வெலிமடை வழியாக அது நேரே நுவரெலியாவுக்கு ஏற்றிவிடும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். தை, மாசி விடியலில் அங்கே புல்லில் உறைபனி படுகிற நாட்கள் உண்டு. மெய்யாகவே கதவு உறைகிற குளிர் நம் ஆட்களுக்குக் கிட்டுவது அங்கேதான். இரவு படுக்கமுன் கதவு ரப்பரைத் துணியால் உலரத் துடையுங்கள். காலையில் கதவு ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், உள்நோக்கி ஒருமுறை அழுத்தினால் பனி உடையும். வெயில் படுகிற பக்கத்துக் கதவை முதலில் முயலுங்கள். கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கலாம், வடிந்த நீரும் திரும்ப உறையும். லைற்றரால் திறப்பைச் சூடாக்குவது வீடியோக்களில் வருகிற வித்தை. இப்போதைய திறப்பின் தலைக்குள் சிப் இருக்கிறது, அது கருகினால் கதவு திறந்தும் கார் ஸ்ராட் ஆகாது. கொரோனா காலத்து அல்ககோல் கைச்சுத்திகரிப்புத் திரவத்தைத் திறப்பில் தடவி நுழைப்பது பாதுகாப்பான வழி.

வெள்ளத்தில்

கிரான், புலிபாய்ந்தகல் வீதியை மாரி வெள்ளம் மூடுவது இங்கே புதினமல்ல. 2024 நவம்பர் 26இல் காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியில் மதரஸா மாணவர்கள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச்சென்று பிள்ளைகள் உயிரிழந்தார்கள். ஓடும் நீர் 30 சென்ரிமீற்றர் இருந்தாலே சிறிய காரை மிதக்கவைக்கும். வீதியின் மேல் நீர் ஓடினால் திரும்பிவிடுங்கள், தெரிந்த வீதி என்பது காரணமாகாது.

தப்பித்தவறி அகப்பட்டால் ஒழுங்கு முக்கியம். மின்சாரம் இருக்கும்போதே பூட்டுகளை விடுவித்துக் கண்ணாடிகளை இறக்குங்கள். கதவோடு மல்லுக்கட்டி நேரத்தை இழக்காதீர்கள். ஒரு மீற்றர் அகலக் கதவில் 60 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் நின்று, உள்ளே இன்னும் நீர் ஏறாதிருந்தால், அந்தக் கதவை வெளியிலிருந்து அழுத்துவது ஏறத்தாழ 180 கிலோகிராம் பாரம். இருக்கைப் பட்டிகளைக் கழற்றி, பிள்ளைகளை முதலில் கண்ணாடி வழியே வெளியேற்றிக் காரின் கூரைக்கு ஏற்றுங்கள். கண்ணாடி இறங்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலையைக் கூரான உலோகத்தால் அடியுங்கள். முன்கண்ணாடி இரட்டை அடுக்கு, உடைந்தாலும் விழாது. இந்த மாரிக்கு முன்பே, பின்கதவுகளின் விளிம்பிலுள்ள பிள்ளைப் பூட்டு நெம்பையும் அசைத்துப் பாருங்கள். அது போட்ட நிலையில் கறள்பிடித்துக் கிடந்தால் பின்னால் இருப்பவர் உள்ளிருந்து திறக்கவே முடியாது. அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.

வெள்ளத்தில் நின்ற காரை வடிந்தபின் மீட்டால், ரிமோட்டை அழுத்திப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள். உலோகத் திறப்பால் திறந்து, பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். ஹைபிரிட் என்றால் தோடம்பழ நிற வயர் எதையும் தொடாமல் அதற்கென்று பழகிய மெக்கானிக்கை அழையுங்கள். வாவி நீர் உவர் நீர். கதவு மட்டைகளைக் கழற்றி நல்ல தண்ணீரால் அலசி, காற்றில் உலரவிட்டு, கொளுக்கிகளுக்குப் புதுக் கிறீஸ் பூசியபின்தான் பற்றரியைத் திரும்ப மாட்டவேண்டும்.