கோபானும் லிட்டில் இந்தியாவும்

ஜப்பானில் தெருமுனைக் காவல் சாவடியைக் ‘கோபான்’ என்பர். அங்குப் பணியாற்றும் காவலர் வீடு வீடாகச் சென்று குடியிருப்போரை அறிந்துகொள்வார். இதைப் பின்பற்றியே 1983இல் தோ பாயோவில் சிங்கப்பூரின் முதல் அக்கம்பக்கக் காவல் சாவடி திறக்கப்பட்டது.

இம்முறைக்கு அடிப்படை, குடியிருப்போருடன் ஏற்படும் அறிமுகம். ஆனால், ஞாயிறுதோறும் லிட்டில் இந்தியாவில் கூடும் வெளிநாட்டு ஊழியர்களுள் பெரும்பாலோர் தொலைவிலுள்ள விடுதிகளில் தங்குபவர்கள். காவலர் சென்று தட்ட அவர்களுக்கு அவ்வட்டாரத்தில் கதவில்லை.

2013 டிசம்பர் 8ஆம் தேதி, ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழக ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததையடுத்துக் கலவரம் மூண்டது. பின்னர், 2015இல் வந்த சட்டம் அங்குப் பொது இடங்களில் மது அருந்துவதைக் கட்டுப்படுத்தியது. சட்டத்தால் ஒழுங்கு வரலாம். அறிமுகம் எவ்வாறு வரும்? அவர்களின் மொழி அறிந்த மாணவர்களாகிய நாம் சிந்திக்க வேண்டிய வினா இது.