அன்டெனா வாங்குமுன் திசையைப் பாருங்கள்

கீழே கடை, மேலே வீடு, பின்னால் ஸ்டோர். வயர்லெஸ் இணைப்பு ஸ்டோர்வரை எட்டவில்லை என்றதும் நம் வியாபாரிகள் பலர் 'டீபிஐ' கூடிய அன்டெனாவைத் தேடுகிறார்கள். என்னிடம் கேட்போருக்கு நான் சொல்வது இதுதான்: அன்டெனா புதிதாகச் சக்தியை உண்டாக்குவதில்லை, உள்ள சக்தியைத் திருப்பிவிடுகிறது. 5 டீபிஐ 8 ஆனால் ஒரு திசையில் சக்தி இரு மடங்காகும். மற்றத் திசைகளில் குறையும்.

ரவுட்டருடன் வரும் குச்சி அன்டெனா சுற்றிவர அனுப்பும். அதற்குப் பதிலாக 9 டீபிஐ குச்சி பூட்டினால் அலை தட்டையாகப் பரவும். அதே தளத்தில் தூரம் கூடும். மேல்மாடி வீட்டில் இணைப்பு நலியும். ஸ்டோர் ஒரே திசையில் இருந்தால் பலகை வடிவ பனல் அன்டெனாவே பொருத்தம்.

அன்டெனா வயரையும் நீட்டாதீர்கள். மெல்லிய வயர் 3 மீற்றர் ஓடினாலே ஏறக்குறைய பாதிச் சக்தி அதிலேயே போய்விடும். இடையில் பல கொங்கிரீட் சுவர்கள் இருந்தால் அன்டெனாவை விட்டு, நெட்வேர்க் கேபிள் இழுத்து ஸ்டோரில் இன்னொரு ரவுட்டர் வைப்பதே நல்லது.

எல்லாவற்றுக்கும் முன், உங்கள் ரவுட்டரின் அன்டெனா கழற்றக்கூடியதா என்று பாருங்கள். கழற்ற முடியாததற்கு அன்டெனா வாங்குவது வீண்விரயமே.