விழுந்து வீழ்த்துவது தப்பா?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜூடோ பழக ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. எடை 58 கிலோ. போன மாதம் பயிற்சியில் ‘தானி-ஒதோஷி’ போட்டபோது நண்பனின் காலோடு சேர்ந்து விழுந்துவிட்டேன். அவன் முழங்கால் வீங்கி, இன்னும் நொண்டுகிறான். அன்றிலிருந்து அந்த த்ரோவை நினைத்தாலே கை நடுங்குகிறது. இது முறையான உத்திதானா, குறுக்கு வழியா? நாமே கீழே விழுந்துவிட்டால் அது தோல்வி ஆகாதா? இதை விட்டுவிடலாமா?
– க.வெ., நாமக்கல்.

பதில்: விட வேண்டாம், தம்பி. கொஞ்ச நாள் ஒத்திப்போடுங்கள், அது போதும். அடுத்தவன் காலுக்காகக் கை நடுங்குகிறதே, அதில் தப்பே இல்லை. அப்படி நடுங்காதவர்களோடு பழகத்தான் எனக்குப் பயம்.

குறுக்கு வழி என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். கானோ ஜிகோரோ 1882-இல் டோக்கியோவில் கோடோகனைத் தொடங்கினார். 1920-இல் அங்கே திருத்தி அமைத்த 40 த்ரோக்களின் பட்டியலில் தானி-ஒதோஷி (பள்ளத்தில் வீழ்த்துதல்) இருக்கிறது. ஆனால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஐந்து தொகுதிகளில் நான்காவதில். ஒன்றரை வருடத்தில் அதற்கு வந்துவிட்டீர்கள் என்றால், உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இது யோகோ-சுதெமி-வாசா (பக்கவாட்டில் உடலைச் சாய்த்து வீழ்த்தும் முறைகள்) என்ற வகை. நம் ஆட்கள் ‘சாக்ரிஃபைஸ் த்ரோ’ என்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் ஏதோ தன்னையே பலி கொடுப்பது போல எண்ணி, கண்ணை மூடிக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறார்கள் பையன்கள். ‘சுதெ’ என்றால் கைவிடுவது, ‘மி’ என்றால் உடல். நீங்கள் கைவிடுவது நின்றுகொண்டிருக்கும் நிலையை மட்டும்தான், பிடியை அல்ல. நிற்கும் த்ரோவில் எதிராளியைத் தூக்க இடுப்பும் காலும் உழைக்க வேண்டும். இதில் உங்கள் 58 கிலோ கீழே போகிற வேகமே அவரை இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் அவர் ஏற்கெனவே சாயத் தொடங்கியிருக்க வேண்டும். நேராக நிற்பவர் பக்கத்தில் நீங்கள் விழுந்தால் அவர் அசையமாட்டார், உங்கள் எடை முழுவதும் அவர் காலில்தான் இறங்கும்.

உங்கள் நண்பருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். முழங்கால் கதவுக் கீல் மாதிரி, முன்னும் பின்னும் மடங்கும். பக்கவாட்டில் மடங்காது. அவர் பாதம் மேட்டில் (பயிற்சி விரிப்பில்) அழுந்தி நிற்கும்போது, வெளிப்பக்கத்திலிருந்து உங்கள் இடுப்போ தொடையோ அந்த முழங்கால் மேல் இறங்கினால் மூட்டு உள்பக்கமாக ஒடிகிறது. உள்பக்க லிகமென்ட் (எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்) இழுபடுகிறது, சில சமயம் கிழிகிறது. இப்படி விழக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். அவருக்குப் பின்னால் போய் விழ வேண்டிய நீங்கள், பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

சரியான வழியைச் சொல்கிறேன், வலக்கைப் பழக்கம் என்றே வைத்துக்கொள்வோம். இடக்கையில் அவருடைய வலது சட்டைக்கை, வலக்கையில் காலர். முதல் வேலை குசுஷி (நிலைகுலைத்தல்). சட்டைக்கையைக் கீழே இழுத்து, காலரைப் பின்னால் தள்ளி, அவர் எடையை வலது குதிகாலுக்குக் கொண்டு போங்கள். அவர் கால்விரல்கள் மேட்டிலிருந்து லேசாக எழும்பும், அதைக் கண்ணால் பார்க்கலாம். எழும்பாவிட்டால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். எழும்பினால், உங்கள் இடது காலை அவரது வலது காலுக்கு வெளியே கொண்டுபோய், இரண்டு குதிகால்களுக்கும் பின்னால் மேட்டை ஒட்டி நீட்டுங்கள். முழங்கால் உயரத்தில் கொக்கி போடக் கூடாது. நெஞ்சு அவர் உடம்போடு ஒட்டியிருக்கட்டும். பிறகு, அவருடைய வலது பின்மூலையை நோக்கி, உங்கள் இடப்பக்கமாகச் சாயுங்கள்.

எனக்கு இது பிடிபட்டது ஒரு பழைய துண்டினால். என் ஆசான் துண்டை நான்காக மடித்து, எதிரே நிற்பவனின் வலது குதிகாலுக்கு ஒரு முழம் பின்னால், மூலைவாக்கில் போடுவார். உன் இடுப்பு துண்டில் விழ வேண்டும், அவ்வளவுதான் பாடம். முதல் வாரம் முழுக்க நான் துண்டுக்கு இந்தப் பக்கமே விழுந்தேன். உடம்புக்குத் தரையைக் கண்டால் அவசரம், கிட்டே இருக்கிற இடத்தில் உட்காரப் பார்க்கும். எதிரே ஒருவரை நிறுத்தி, அவரை வீழ்த்தாமல், துண்டு வரை மட்டும் தினம் இருபது முறை போய்ப் பாருங்கள்.

இதற்கிடையில் ‘உகி-வாசா’ (மிதக்கும் உத்தி) பழகலாம். இதுவும் அதே வகைதான், ஆனால் எதிராளியை வலது முன்மூலைக்கு இழுத்து, அவர் வலது பாதத்துக்கு வெளியே உங்கள் இடது காலை நீட்டி, இடப்பக்கமாகச் சாய்வது. அவர் உங்கள் இடது தோளுக்கு அப்பால் உருண்டு போவார். நாகெ-நோ-கதா (த்ரோக்களின் முறைப் பயிற்சி) 15 த்ரோக்கள் கொண்டது. அதன் கடைசி மூன்றும் பக்கவாட்டு வகை: யோகோ-காகெ, யோகோ-குருமா, உகி-வாசா. இதில் யோகோ-காகெயை இப்போது தொடாதீர்கள், வாங்குபவருக்கு விழுகை பலமாக இருக்கும்.

நாமே விழுந்தால் தோல்வியா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் தரையைத் தொட்டது யார் என்று நடுவர் பார்ப்பதில்லை. யாருடைய பிடியில் யாருடைய முதுகு பட்டது என்றுதான் பார்க்கிறார். ஆனால் எதிராளியை அசைக்காமல் சும்மா விழுந்தால் போலித் தாக்குதல் என்று ஷிதோ (தண்டனை) கிடைக்கும். மூன்று ஷிதோ வாங்கினால் ஆட்டமே போச்சு. அதோடு, அவர் உங்கள் மேல் படுத்து 20 விநாடி அமுக்கிவிட்டால் இப்போன் (முழு வெற்றி) அவருக்கு.

உண்மையிலேயே தடை செய்யப்பட்ட பக்கவாட்டு த்ரோவும் இருக்கிறது: கானி-பசாமி (நண்டுக் கத்தரி), இரண்டு காலாலும் எதிராளியின் உடலைக் கத்தரி போல வெட்டுவது. 1980-இல் ஜப்பானில் ஒரு போட்டியில் யமஷிதா யசுஹிரோவின் கால் எலும்பு இதில்தான் முறிந்தது. அவர் மீண்டு வந்து 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். விளையாட்டாகக்கூட யாரிடமும் அதைச் செய்து பார்க்காதீர்கள்.

நண்பர் விஷயம். ஒரு மாதமாகியும் நொண்டுகிறார் என்றால் எண்ணெய் தடவி நாளைக் கடத்த வேண்டாம். இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். நடக்கும்போது முழங்கால் நழுவுகிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லச் சொல்லுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை நண்பர் மேட்டில் ஏறக் கூடாது. நீங்களும் துண்டில் சரியாக விழப் பழகும்வரை ரன்டோரியில் (கட்டற்ற பயிற்சி) தானி-ஒதோஷி போடக் கூடாது.